மாதக் கூட்டத்தில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

கோவையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவர் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா ஒற்றை லேத்தோடு தொடங்கிய பட்டறை, இன்று மோட்டார் பம்பு தயாரிக்கும் கம்பெனியாக வளர்ந்து 208 பேருக்கு வேலை தருகிறது. மெஷின் ஷாப், வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங், டெஸ்பேட்ச், ஆபீஸ் எல்லாம் ஒரே வளாகம். மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றும் வைண்டிங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மொத்த ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை 5.30 மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அசெம்பிளி ஷெட்டில் எல்லோரையும் கூட்டி ஒரு மணி நேரக் கூட்டம் நடக்கிறது. மதுரை, சேலம் விற்பனை அலுவலகங்கள் போனில் இணைகின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் அப்பாதான் பேசுகிறார்.

தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில், இந்த ஆண்டு ஆர்டர் 18 சதவீதம் கூடியிருப்பதை அப்பா பெருமையோடு சொன்னார். மெஷின் ஷாப்பில் 14 வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, "ஆர்டர் கூடியிருக்குன்னு சொல்றீங்க, இந்த வருசம் போனஸும் கூடுமாங்க முதலாளி?" என்று கேட்டார். "சோறு போட்ட இடத்துலயே கணக்கு கேக்கறயா? உக்காரு!" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அதன்பின் நடந்த கூட்டங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பலர் கூட்டத்துக்கே நிற்காமல் நழுவுகிறார்கள். போன மாதம் அப்படிப் போன 17 பேருக்குத் தலைக்கு 100 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கேள்வி கேட்டவரை இன்னொரு ஊரிலிருக்கும் குடோனுக்கு மாற்றவும் அப்பா முடிவெடுத்திருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: கூட்டத்தையே நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பலாமா? ஞாயிறு காலை டிபனோடு வைத்தால் வருவார்களா? கேள்விப் பெட்டி வைக்கலாமா? "எங்களிடம் யூனியன் கிடையாது, அதனால் கமிட்டி எதுவும் தேவையில்லை. குறை இருந்தால் சொல்லியிருப்பார்களே, யாரும் சொல்வதில்லையே என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியா? அவரை எதிர்த்துப் பேச எனக்கு உரிமை உண்டா?" என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கூட்டத்தை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை முடிக்காமல் கூட்டத்தின் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலையும் எப்படி மாற்றினாலும் பயன் இருக்காது.

முதலில் அந்த இடமாற்றத்தை நிறுத்துங்கள்

ஒரு தொழிலாளியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்ற நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. அதைப் பழிவாங்கும் நோக்கத்தோடு செய்தால் அது நியாயமற்ற தொழில் நடவடிக்கை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தன் ஐந்தாவது அட்டவணையில் இதைத் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. உத்தரவில் 'நிர்வாக வசதிக்காக' என்று எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூட்டத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் 200 பேர் இருக்கிறார்கள். வழக்கு என்று வந்தால் அந்த இரண்டு சொற்கள் உங்களைக் காப்பாற்றாது.

சட்டத்தை விடுங்கள். அவர் குடோனுக்குப் போன மறுநாள் மற்ற ஆட்கள் என்ன நினைப்பார்கள்? இப்போது அவர்களுக்கு இருப்பது சந்தேகம் மட்டும்தான்: முதலாளி அன்றைக்கு ஏதோ கோபத்தில் பேசிவிட்டாரோ என்று. மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு நீங்கள் எத்தனை கேள்விப் பெட்டி வைத்தாலும் அது காலியாகவே இருக்கும்.

அவர் கேட்டதில் தவறென்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆர்டர் கூடியிருக்கிறது என்று மைக்கில் சொன்னவர் அப்பா. அதைக் கவனித்துக் கேட்ட ஒருவர், அடுத்து மனதில் எழும் இயல்பான கேள்வியைக் கேட்டார். 50 நிமிடப் பேச்சை 200 பேரில் ஒருவராவது காதுகொடுத்துக் கேட்டார் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

பதிலும் கடினமானதல்ல. சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். லாபமோ நஷ்டமோ, அந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே, சட்டம் சொல்லும் சம்பள வரம்புக்குள் இருப்பவர்களுக்கு உரிமை உண்டு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் கணக்கை முடிப்பவர்கள் நவம்பர் கடைசிக்குள், கொடுத்துவிட வேண்டும். 8.33க்கு மேல் எவ்வளவு என்பது ஆர்டரைப் பொறுத்ததல்ல, செலவெல்லாம் போக மிஞ்சும் உபரியைப் பொறுத்தது. ஆர்டர் 18 சதவீதம் கூடிய அதே ஆண்டில் காப்பர் விலை ஏறியிருந்தால் கையில் நிற்பது குறைந்தும் போகலாம். உங்கள் வைண்டிங் பெண்கள் தினமும் காப்பர் கம்பியோடுதான் புழங்குகிறார்கள். ஒரு பம்புக்கு எத்தனை கிலோ காப்பர் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அதன் விலை மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கம்பெனியின் வரவுசெலவு எல்லோருக்கும் புரிந்திருக்கும். அப்பா நழுவவிட்டது அந்த வாய்ப்பைத்தான்.

'குறையே வருவதில்லை' என்கிற நம்பிக்கை

அப்பாவின் இந்த வாதம் மிகவும் பரவலானது. பெரிய நிர்வாகிகளே இதை நம்பி ஏமாந்திருக்கிறார்கள். 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல வார்டுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம். காரணத்தைத் தேடிப் போனபோது, அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பது தெரிந்தது. மற்ற வார்டுகளிலும் பிழைகள் நடந்துகொண்டுதான் இருந்தன, மறைக்கப்பட்டதால் கணக்குக்கு வரவில்லை.

உங்கள் தொழிற்சாலையில் இதன் பொருள் என்ன? டெஸ்டிங் பெஞ்சில் கை வைத்தால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று ஒருவருக்குத் தெரியும். ஒரு லாட் பேரிங்கில் சத்தம் வருவது அசெம்பிளியில் இருவருக்குத் தெரியும். இதையெல்லாம் அவர்கள் பேசாமல் இருப்பதில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பேசுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காதுக்கு மட்டும்தான் அது வரவில்லை. அப்பாவிடம் அவர் தொழிலின் மொழியிலேயே சொல்லுங்கள்: உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு ஒழுகும்போது மோட்டார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தண்ணீர் ஏறாது. மேலே சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஓவர்டைம், அபராதம், ஞாயிற்றுக்கிழமை

நீங்கள் கேட்காத விஷயம் இது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான்.

காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, உணவு இடைவேளை ஒரு மணி நேரம் போக, நாளுக்கு எட்டு மணி நேரம். ஆறு நாளுக்கு 48. சட்டம் அனுமதிக்கும் வார வேலை நேரமும் 48தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வரம்பு மாறவில்லை. கட்டாயம் வர வேண்டும் என்று நீங்கள் சொல்லும் கூட்டம் வேலை நேரத்தில்தான் சேரும். ஆகவே சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அது 49ஆவது மணி, அதற்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். புதிய சட்டப்படி ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். நீங்கள் சம்பளமும் தரவில்லை, சம்மதமும் கேட்கவில்லை, நிற்காதவர்களுக்கு அபராதமும் போட்டிருக்கிறீர்கள்.

அந்த அபராதம் இன்னும் பெரிய சிக்கல். முதலாளி நினைத்த மாத்திரத்தில் சம்பளத்தில் கை வைக்க முடியாது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கெனப் பதிவேடு வேண்டும், வசூலான தொகை தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே இருக்கும் விதிகள் இவை, இன்றைய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன. இவற்றில் ஒன்றுகூட உங்களிடம் நடந்ததாகத் தெரியவில்லை. 17 பேருக்குப் பிடித்த 1,700 ரூபாயை இந்த மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள்.

நழுவியவர்கள் யார் என்றும் பாருங்கள். 6.10 பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் 7.30க்குத்தான் என்று கடிதத்தில் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வைண்டிங்கில் இருக்கும் பெண்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். அவர்கள் அக்கறை இல்லாமல் ஓடியதாக அப்பா நினைக்கிறார். அவர்கள் ஓடியது பஸ்ஸுக்கு.

ஞாயிற்றுக்கிழமை யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். வார விடுமுறையில் கூப்பிட்டால் அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுமுறை தர வேண்டிவரும். இட்லியும் பொங்கலும் போட்டாலும், இருக்கிற ஒரே விடுமுறை நாளில் கூப்பிட்டார்கள் என்பதுதான் மனதில் நிற்கும். கூட்டத்தை ஷிப்டுக்குள்ளேயே கொண்டுவாருங்கள். சனிக்கிழமை 4.45க்குத் தொடங்கி 5.25க்கு முடியட்டும். உற்பத்தி கெடும் என்று அப்பா சொல்வார். கெடும்தான். 208 பேரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் 208 மணி நேரம் போகிறது. எட்டு மணி நேரக் கணக்கில் அது 26 நாள், அதாவது ஒரு ஆளின் முழு மாத உழைப்பு. ஷிப்ட் முடிந்தபின் வைத்ததால் அது இலவசம்போலத் தெரிந்தது. செலவு என்று தெரிந்தால்தான் 50 நிமிடப் பேச்சைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமே வரும்.

பெரிய கூட்டம் எதற்கு, எதற்கு இல்லை

எல்லாரும் கூடும் இடத்தில் எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்று நினைப்பதால்தான் பல கம்பெனிகளில் இந்தக் கூட்டம் கெடுகிறது. கூகுள் நிறுவனம் தொடக்க காலத்திலிருந்தே வாராவாரம் முழு ஊழியர் கூட்டம் நடத்திவந்தது. கேள்விகளை முன்கூட்டியே பதிவு செய்து, ஊழியர்களே வாக்களித்து எது முதலில் என்று தீர்மானிக்கும் முறையும் அங்கே இருந்தது. அதையே 2019இல் சுந்தர் பிச்சை மாதம் ஒருமுறை என்று குறைத்தார். அந்தக் கூட்டத்தில் தயாரிப்பும் தொழில் திட்டமும் மட்டும் பேசுவது, பணியிடப் பிரச்சினைகளுக்குத் தனிக் கூட்டம் என்று பிரித்தார். அங்கிருந்த ஊழியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பேச்சுரிமை சுருங்கிவிட்டது என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எதை எங்கே பேசுவது என்று பிரிப்பது உங்களுக்கும் அவசியம்.

ஒருவரின் தனிப்பட்ட குறை, அதாவது இன்கிரிமென்ட் விட்டுப்போனது, சூப்பர்வைசர் பாரபட்சம் காட்டுவது, லீவு மறுக்கப்பட்டது போன்றவை, 208 பேர் முன்னால் தீர்க்கக்கூடியவை அல்ல. அதற்குச் சட்டமே வழி சொல்கிறது. யூனியன் இல்லாததால் கமிட்டி தேவையில்லை என்பது தவறு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். அதில் நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளர்களின் ஆட்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பெண்களுக்கும் இடம் வேண்டும். வந்த புகாரை 30 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது புதிய சட்டம். நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் பணிக்குழு அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் ஒருபோதும் பெரிய கூட்டத்துக்கு வரக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். புகார் தந்தவர் யார், எதிராளி யார் என்பதெல்லாம் வெளியே போகக்கூடாது. கூட்டத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எப்படி அணுகுவது. வைண்டிங்கில் இத்தனை பெண்கள் இருக்கும் உங்கள் கம்பெனியில் அந்தக் குழு இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. இல்லையென்றால் அதையும் இந்த மாதமே அமையுங்கள்.

வாட்ஸ்அப் வீடியோ கூட்டத்துக்கு மாற்றாகாது. விடுமுறை நாள், ஷிப்ட் மாற்றம் போன்ற அறிவிப்புகளுக்கு அது போதும். வீடியோவில் பேசும் முதலாளியை யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. அப்பாவுக்கு அது வசதி. உங்கள் பிரச்சினையே அந்த வசதிதான்.

ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள்

இதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள்: "அவர்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும்." ஓரளவு புரிவது மெஷினை ஓட்டப் போதும், போனஸ் சதவீதத்தைப் புரிந்துகொள்ளப் போதாது. ஏறக்குறைய 70 பேர் மாதாமாதம் ஒரு மணி நேரம் ஒன்றும் விளங்காமல் நிற்கிறார்கள்.

மொழிபெயர்ப்புக்கு அவர்களை அழைத்துவந்த மேஸ்திரியையோ கான்ட்ராக்டரின் ஆளையோ வைக்காதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் செய்யும் தவறு இது. அவர்களுடைய குறைகளில் பாதி அந்த மேஸ்திரியைப் பற்றியதாகவே இருக்கும்: கமிஷன் பிடிப்பது, தங்கும் அறைக்கு அதிக வாடகை வாங்குவது. அவர் வாய்வழியாக அது எப்படி மேடைக்கு வரும்? அவர்களே தேர்ந்தெடுக்கும் இருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவருக்கும் வெள்ளிக்கிழமையே பேசப்போகும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மேடையில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்துவது, அவர்கள் சொல்வது, பிறகு தொடர்வது என்று போகட்டும். நேரம் பிடிக்கும். அதனாலேயே பேச்சு சுருங்கும், அதுவும் நல்லதே. கூட்டம் முடிந்த அன்று இரவே ஒடியாவிலும் இந்தியிலும் மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் போகட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒவ்வொரு செக்‌ஷனும் அவரவர் இடத்திலேயே பத்து நிமிடம் கூடட்டும். சூப்பர்வைசர் அங்கே இருக்க வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று அவர்களே பேசி, இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும். கூட்டத்தில் அதை 'எங்கள் செக்‌ஷன் கேட்கிறது' என்று ஒருவர் படிப்பார். தனி ஆள் ஒருவர் எழுந்து நின்று மாட்டிக்கொள்ளும் நிலை இதில் இல்லை. சிறு குழுவாக உட்காரும்போது நம் தொழிலாளர்கள் எவ்வளவு நன்றாகப் பேசுவார்கள் என்பதற்கு நாட்டில் நீண்ட சான்று உண்டு. 1980இல் ஹைதராபாத் பெல் ஆலையில் தொடங்கிய தர வட்டங்கள் அப்படித்தான் இந்தியா முழுக்கப் பரவின. ஒரே வேலையைச் செய்யும் சிலர் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் பிரச்சினையைத் தாங்களே அலசினார்கள்.

கேள்விப் பெட்டியும் வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: சாவி உங்களிடமோ அப்பாவிடமோ இருக்கக்கூடாது. குறைதீர்ப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரிடம் இருக்கட்டும். 'இது யார் கையெழுத்து?' என்று ஒரே ஒரு முறை யாராவது கேட்டுவிட்டாலும் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம். தனிமனிதர்மீது வசை எழுதிய சீட்டு வந்தால் அதை மேடையில் படிக்க வேண்டாம்.

கூட்டம் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் போன மாதக் கேள்விகளுக்கு மட்டும். எந்தக் கேள்வி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று என்று நான்கு கட்டம் போட்ட பலகை ஒன்று கேன்டீன் பக்கத்தில் தொங்கட்டும். அதைப் பார்த்துப் படித்தால் போதும். என் அனுபவத்தில், மாதக் கூட்டம் உயிரோடு இருக்கும் கம்பெனிக்கும் செத்துப்போன கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பத்து நிமிடம்தான். பேச்சாற்றல், மைக் செட், பரிசளிப்பு எல்லாம் பிறகு.

பதில் எப்போதும் 'சரி' என்றே இருக்க வேண்டும் என்பதில்லை. செய்கிறோம், இந்தத் தேதிக்குள் என்று சொல்லலாம். முடியாது, காரணம் இது என்றும் சொல்லலாம். இப்போது தெரியவில்லை, பதினைந்தாம் தேதி பலகையில் எழுதுகிறோம் என்றும் சொல்லலாம். 'பார்க்கலாம்' என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதன் அர்த்தம் நம் எல்லோருக்குமே தெரியும்.

பிறகு அப்பாவுக்குப் பத்து நிமிடம். எத்தனை பம்பு வெளியே போனது, வாரன்டியில் எத்தனை திரும்பி வந்தது, யாருக்காவது அடிபட்டதா அல்லது படவிருந்து தப்பியதா. இந்த மூன்றும் எல்லா மாதமும் ஒரே வரிசையில் வரட்டும். கம்பெனி தொடங்கிய கதையைச் சொல்ல அவருக்கு ஆசை இருக்கும், அந்த ஆசை நியாயமானது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்று அதை முழுதாகச் சொல்லட்டும். மாதாமாதம் வேண்டாம். மீதி நேரம் செக்‌ஷன்களின் கேள்விகளுக்கு. ஒரு மாதம் வைண்டிங்கிலிருந்து ஒரு பெண், திரும்பி வந்த மோட்டார்களில் கம்பிச் சுருள் ஏன் கருகுகிறது என்று ஐந்து நிமிடம் விளக்கட்டும். அவருக்குத் தெரிந்தது ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

இடமும் முக்கியம். இப்போது நிர்வாகிகள் நாற்காலியில், மற்றவர்கள் எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு நின்றுகொண்டு. எல்லோரும் உட்காரட்டும், நாற்காலி போதாவிட்டால் எல்லோருமே தார்ப்பாயில். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள், பின்வரிசையில் ஒன்றுமே கேட்காது. மதுரைக்கும் சேலத்துக்கும் இந்தப் போன் இணைப்பு வீண். திங்கள் காலை அவர்களோடு தனியாக இருபது நிமிடம் பேசிவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் பெரிய கேள்வி எதுவும் வராது. பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருப்பது, கேன்டீன் தண்ணீர், ஒரு மூலையில் ஃபேன் ஓடாதது, இப்படித்தான் வரும். 'இதற்கா இவ்வளவு பெரிய கூட்டம்?' என்று அப்பா சலித்துக்கொள்வார். அவர்கள் உங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தாழ்ப்பாளைத் திங்கட்கிழமையே மாற்றுங்கள். அது நடந்தால்தான் ஷாக் அடிக்கும் டெஸ்டிங் பெஞ்சைப் பற்றி யாராவது பேசுவார்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது

எதிர்த்துப் பேச எனக்கு உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிர்வாகத்தில் பொறுப்பு வகிப்பவர் என்ற முறையில் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. ஓவர்டைமும் அபராதமும் விசாரணைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். ஆனால் ஆட்கள் முன்னாலோ ஆபீஸிலோ இதைப் பேச வேண்டாம். அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். முதல் லேத் காலத்திலிருந்து கூடவே இருக்கும் ஃபோர்மேன் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சட்டச் சிக்கலை முதலில் சொல்லுங்கள், அது அவரை நிதானப்படுத்தும்.

சத்தம் போட்டது எல்லோர் முன்னாலும் என்பதால், சரிசெய்வதும் எல்லோர் முன்னாலும்தான் நடக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினால் போதாது, மற்றவர்களுக்கு அது தெரியாது. நீளமான மன்னிப்பும் வேண்டாம், கேட்பவருக்கும் கூச்சமாக இருக்கும். "தம்பி, நீங்க அன்னைக்குக் கேட்டது நியாயமான கேள்வி. நான் கோவத்துல பேசிட்டேன். பதில் இதுதான்" என்று சொல்லிவிட்டு, போனஸ் கணக்குக்குப் போய்விடட்டும். 70 வயதை நெருங்கும் ஒருவருக்கு இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். மறுத்துவிட்டால், அடுத்த கூட்டத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அவர் மனம் வராமல் சொல்வதைவிடத் தாமதமாகச் சொல்வது மேல்.

அவர் இல்லாமல் நீங்களே கூட்டத்தை நடத்திவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நடத்துவது நீங்களாக இருக்கலாம், ஆனால் அவர் முன்வரிசையில் இருக்க வேண்டும். காசு சம்பந்தப்பட்ட எந்தப் பதிலும் அவர் தலையசைக்காமல் எடுபடாது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, செக்‌ஷன்கள் கொடுத்த கேள்விகளோடு அவருடன் உட்காருங்கள். போனஸ், சம்பள உயர்வு, ஓவர்டைம் பாக்கி, மேஸ்திரியின் பிடித்தம் ஆகிய நான்கும் இன்றோ நாளையோ நிச்சயம் வரும், யாரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நீங்கள் தொழிலாளியின் இடத்தில் நின்று கேளுங்கள், அவர் கூட்டத்தில் சொல்லப்போவதை அப்படியே சொல்லட்டும். கோபம் வருவதாக இருந்தால் அந்த அறையிலேயே, உங்கள்மீதே வந்து போகட்டும்.